உறங்குகிறது என்று நான் சொன்ன கிருமி

மாத்திரை பாட்டிலுக்கு ஒரு சத்தம் உண்டு. வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தால் கிலுகிலுப்பை மாதிரி அதுவும் கூடவே பேசிக்கொண்டு வரும். நிறைந்திருக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. பாதி தீர்ந்த பிறகு ஊரையே கூட்டும். தென்காசியில் எச்.ஐ.வி. சிகிச்சை மையம் ஒன்றில் ஆலோசகராக நான் சேர்ந்த புதிதில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது! சமூகப்பணி படித்து, வகுப்பில் முதல் மாணவியாக வந்து, அந்தத் திமிர் கொஞ்சமும் குறையாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, வேளை தவறாமல் போடவேண்டும், வெயில் படாமல் வைக்கவேண்டும் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த பெண் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் கைப்பையிலிருந்து ஒரு பிடி பஞ்சை எடுத்துப் பாட்டிலுக்குள் திணித்து, மூடியைத் திருகி, என் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிக் காட்டினார். சத்தமே இல்லை. "இத மொதல்ல சொல்லிக் குடுங்க மேடம். மத்ததெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்" என்றார்.

அவரைப் பழக்கடை அக்கா என்றே எழுதுகிறேன். ஐந்தருவிக்குப் போகும் வழியில் அவருக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் ஒரு கடை உண்டு. சாரல் தொடங்கி அருவிக்குக் கூட்டம் வந்தால் ரம்புட்டான், மங்குஸ்தான், பலாச்சுளை; சீசன் இல்லாத மாதங்களில் கடைக்குப் பூட்டு. அப்போது வீட்டுக்காரர் செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குக் காய்கறி வண்டி ஓட்டுவார். இருவருக்குமே தொற்று இருந்தது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று நான் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. வெளியில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. இதை எழுதட்டுமா என்று போன மாதம் அவரிடம் கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தார். "பேரு மட்டும் போடாத. பழக்கடைன்னு போட்டுக்கோ. அங்கன எத்தன பழக்கடை கெடக்கு, எவன் வந்து தேடுவான்?"

மாதாமாதம் தேதி பிசகாமல் வருவார். வந்தால் மையத்தின் வராந்தாவே கலகலவென்று ஆகிவிடும். பயந்து ஒடுங்கி மூலையில் உட்கார்ந்திருக்கும் புதியவர்களிடம் தானாகவே போய்ப் பேசுவார். "என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய? நானும் இதே வரிசையிலதான நிக்கேன்" என்பார். நான் அரை மணி நேரம் பேசிச் செய்ய முடியாததை அவர் அரை நிமிடத்தில் செய்துவிட்டுப் போவதைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது. நோயாளிகளிடம் எதையும் வாங்கக் கூடாது என்பது மையத்தின் விதி. சீசனில் அவர் மேசைமேல் வைக்கும் ரம்புட்டான் பையை நான் தள்ளித் தள்ளி வைப்பேன். அவர் போன பிறகு பார்த்தால் அது என் நாற்காலிக்குக் கீழே இருக்கும்.

ரத்தத்தில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு. அக்காவின் அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அன்றுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். "அப்படீன்னா செத்துப் போச்சா மேடம்?" என்று கேட்டார். சாகவில்லை என்பது எனக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வது? என் வாயில் தயாராக ஒரு வாக்கியம் இருந்தது. எல்லாரிடமும் அதைத்தான் சொல்லிவந்தேன், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. "சாகல அக்கா. தூங்குது. மாத்திரை அத அடிச்சுப் போட்டாப்ல தூங்க வச்சிருச்சு" என்றேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஒறங்கட்டும் சனியன்" என்று எழுந்து போனார். நானும் நல்ல காரியம் செய்த திருப்தியில் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அடுத்த வருடம் அக்கா கர்ப்பமானார். கல்யாணமாகி ஒன்பது வருடம் காத்திருந்து வந்த கர்ப்பம். கிருமி அடங்கியிருந்து, அம்மா ஒருநாள்கூட விடாமல் மாத்திரை போட்டால், பிள்ளை தொற்றில்லாமல் பிறக்கும் என்று மருத்துவர் நம்பிக்கையாகச் சொல்லியிருந்தார். அவரை நாங்கள் டாக்டரம்மா என்போம். அக்காவுக்கு அதன்பிறகு வேறு பேச்சே கிடையாது. "எனக்கு வந்தது எனக்கு, இது பிள்ளைக்கு மட்டும் வந்துரப்பிடாது" என்பார். ஒவ்வொரு மாதமும் வந்து இதையே வெவ்வேறு விதமாகக் கேட்பார். நானும் ஒவ்வொரு மாதமும் வராது, வராது என்பேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. வளையல் அடுக்கிய கையோடு பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். பிள்ளை பிறந்து சில மாதம் கழித்துத்தான் திரும்ப வேண்டும். ஊரறிந்த வழக்கம்தான், எங்கள் வீட்டு அக்கா தங்கைகள் எல்லாரும் அப்படித்தான் போனார்கள். ஆனால் அந்த வழக்கத்தை மாத்திரை பாட்டிலோடு சேர்த்து நான் ஒரு கணம் யோசித்துப் பார்க்கவில்லை. அக்காவின் தாய் வீடு சுந்தரபாண்டியபுரத்தில். ஒரே கூடம், அதில் அம்மா, தம்பி மனைவி, அவள் பிள்ளைகள். போன அன்றைக்கே அம்மா மகளின் பையைத் திறந்து எல்லாச் சேலையையும் உதறி மடித்து அலமாரியில் அடுக்கிவிடுவார். பஞ்சு திணித்து என்ன பிரயோசனம்? சத்தத்தை மறைக்கலாம், பாட்டிலை எங்கே மறைப்பது? அக்கா யோசித்திருக்கிறார். கிருமிதான் உறங்குகிறதே, கொஞ்ச நாளைக்கு ஒன்றும் ஆகாது. உறங்குகிறதைத் தட்டி எழுப்பாமல் இருந்தால் சரி. இப்படி முடிவு செய்து, பாட்டிலைத் தன் வீட்டிலேயே அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மாத்திரை வாங்கும் தேதிக்கு அவர் வராதபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவர் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன். அவர் தயங்கித் தயங்கி, "அவ கொண்டு போகலம்மா. உறங்குதுல்லா, பொறவு போட்டுக்கிடலாம்னுட்டா" என்றார். எண்ணிப் பார்த்தால் இருபத்து நான்கு நாள். மறுநாள் அவர் வண்டியிலேயே சுந்தரபாண்டியபுரம் போனேன். சூரியகாந்தி பூத்திருந்த நேரம். எங்கிருந்தோ கார் பிடித்து வந்தவர்கள் வயலுக்குள் இறங்கி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள் எல்லார்மேலும் காரணமே இல்லாமல் எரிச்சல் வந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்து மேடம் வந்திருக்கிறார்கள் என்றதும் அக்காவின் அம்மா பாய் விரித்து, மோர் கொடுத்து, "சாப்பிட்டுத்தான் போவணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் இலை அறுக்கக் கொல்லைப்பக்கம் போன நேரத்தில் அக்காவிடம் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன். வளையல் குலுங்க நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்கதான ஒறங்குதுன்னு சொன்னிய? அடிச்சுப் போட்டாப்ல ஒறங்குதுன்னு நீங்கதான சொன்னிய மேடம்?" என்றார். குற்றம் சாட்டும் குரலே இல்லை அது. நான் சொன்னதை நம்பி நடந்த ஒருவர், அது இப்போது ஏன் மாறிவிட்டது என்று கேட்கிறார், அவ்வளவுதான். அதற்குள் அவர் அம்மா இலையோடு வந்துவிட்டார், பேச்சை அத்தோடு நிறுத்தினேன்.

அடுத்த நாளே அக்காவை மையத்துக்கு வரவழைத்து ரத்தம் எடுத்தோம், மாத்திரையையும் அன்றே தொடங்கினோம். முடிவு வந்தபோது கிருமி எழுந்து எண்ணிக்கையில் பெருகியிருந்தது. டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தூங்குதுன்னு அவங்ககிட்ட யாரு சொன்னது?" நான்தான் என்றேன். "பாதி உண்மை. பாதி உண்மையச் சொல்லி அனுப்பினா மீதிய அவங்களே போட்டு நிரப்பிக்குவாங்க. நிரப்பிட்டாங்க பாரு" என்றார். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு தாளை எடுத்துப்போட்டு, "உட்கார். அது என்னதான் செய்யுதுன்னு மொதல்ல நீ தெரிஞ்சுக்கோ" என்று கோடு கிழிக்க ஆரம்பித்தார்.

அன்று அவர் சொன்னதும், பிறகு வெட்கத்தில் நானே தேடிப் படித்ததும் இதுதான். எச்.ஐ.வி. ரெட்ரோவைரஸ் என்ற வகையைச் சேர்ந்தது. அது தன் மரபுச் செய்தியை நம் நோயெதிர்ப்பு அணுவின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே எழுதிச் சேர்த்துவிடும். அதன்பிறகு அந்த அணுவின் சொந்த எழுத்தோடு எழுத்தாக அது இருக்கும். தனியே பிரித்தெடுக்க வழியில்லை. அந்த எழுத்தின் தொடக்கத்தில் ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போடுவதற்குக் கிருமியிடம் சொந்தக் கை கிடையாது. அணு சும்மா இருக்கும் காலத்தில் சுவிட்சும் சும்மா இருக்கும். ஏதோ ஒரு காய்ச்சலை எதிர்க்க அந்த அணு கிளம்பும்போது, தன் மரபணுக்களை முடுக்குவதற்காக அது அனுப்பும் புரதங்களே இந்தச் சுவிட்சையும் போட்டுவிடும். உடனே செய்தியைப் படியெடுக்கும் வேலை ஆரம்பமாகும். ஆனால் நாலடி போவதற்குள் நின்றுவிடும். பெரும்பாலும் வருவதெல்லாம் உதவாத துண்டுகள்தான். எப்போதாவது ஒன்று தப்பித் தவறி முழுதாக வந்துவிட்டால், அதிலிருந்து டாட் என்ற ஒரு சின்னப் புரதம் பிறக்கும். பிறந்த டாட் வேறெங்கும் போகாது. தான் பிறந்த அதே சுவிட்சுக்குத் திரும்பி வந்து, தயங்கி நிற்கும் வேலையைப் பிடித்து முன்னே தள்ளும். அதனால் இன்னும் நிறையப் படிகள் வரும், அதனால் இன்னும் நிறைய டாட் வரும். ரெவ் என்று இன்னொரு புரதமும் இருக்கிறது. முதலில் வெட்டிச் சுருக்கிய குட்டிச் செய்திகள் மட்டுமே உட்கருவை விட்டு வெளியே போகும். ரெவ் போதிய அளவு சேர்ந்த பிறகுதான் முழுநீளச் செய்திகள் வெளியேறி, புதுக் கிருமிகள் உருவாகும். அவசரப்படாமல், ஆள் சேரும்வரை காத்திருந்து, சேர்ந்த பிறகு ஒரே அடியாக அடிக்கிற கெட்டிக்காரத்தனம். படித்தபோது பயத்தோடு கொஞ்சம் வியப்பும் வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

இதில் என் தப்பு எங்கே இருந்தது? மாத்திரை அந்தச் சுவிட்சைத் தொடுவதே இல்லை. உறங்க வைப்பது மாத்திரையின் வேலை அல்ல. உடம்பில் எங்கோ ஓர் அணு அவ்வப்போது விழித்துக்கொண்டுதான் இருக்கும். அப்படி வெளியே வரும் கிருமி புதிதாக இன்னோர் அணுவுக்குள் போய்த் தன்னை எழுதிவிடாமல் தடுப்பதுதான் மாத்திரையின் வேலை. தடுப்பு இருக்கும்வரை விழித்தது வீணாய்ப் போகும். தடுப்பை எடுத்தால் கிருமி மறுபடி பெருக இரண்டு மூன்று வாரம் போதும். நான்கு வருடம் ஆலோசகராக இருந்த எனக்கு இது சரியாகத் தெரியாமல் இருந்திருக்கிறது!

அந்த வாரமே மையத்து வராந்தாவில் அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் அக்கா என்று ஆரம்பித்தேன். டாக்டரம்மா கோடு கிழித்துக் கொடுத்த தாளை விரித்து வைத்துக்கொண்டு சுவிட்ச், டாட், ரெவ் என்று திக்கித் திணறி விளக்கினேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரி, இரி. இது எங்க சீசன்லா? சாரல் இல்லாதப்போ கடையெல்லாம் பூட்டிக் கெடக்கும். பாக்கிறவனுக்குக் கடையே இல்லாத மாரி இருக்கும். ஒரு நாளு லேசாத் தண்ணி விழும். எவனோ ஒருத்தன் வந்து கடையத் தெறப்பான். பாதி நாளு சும்மா ஈ ஓட்டிட்டுப் பூட்டிட்டுப் போயிருவான். ஒரு நாளு யாவாரம் ஆயிரும். ஒடனே மச்சானுக்குப் போனு, மைனிக்குப் போனு, தண்ணி வந்துட்டு, ஓடியாங்கன்னு. நாலு நாள்ல நடக்க வழி இருக்காது. அந்த மொதல்ல போன் போடுதான் பாரு, அவன்தான ஒன் டாட்டு?"

நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஆமாம் என்றேன். அவர் விடவில்லை. "அப்போ மாத்திர என்னது? கடையத் தெறக்கவிடாம பூட்டுப் போடுதது இல்ல. கீழ ரோட்டுல போலீசு நிக்கும்லா, வெள்ளம் வந்துட்டு, குளிக்கத் தடைன்னு. கடக்காரன் தெறந்து வச்சுக்கிட்டு மேல ஒக்காந்திருப்பான். ஒரு வண்டி ஏறாது. பழம் அழுகிப் போவும். தெனமும் ஒரு மாத்திர போட்டா தெனமும் தட. ஒரு நாளு போலீசு டீ குடிக்கப் போனாப் போதும், அம்புட்டு வண்டியும் ஏறிரும்." சொல்லிவிட்டு வயிற்றில் கைவைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஏட்டி, இத அன்னைக்கே சொல்லிருக்கப்பிடாதா?" என்றார். அதுவரை மேடம் மேடம் என்று கூப்பிட்டவர் அன்றிலிருந்து என்னை, வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல, ஏட்டி என்றுதான் கூப்பிடுகிறார். அந்த ஒரு சொல்லில் என்னை வைதாரா மன்னித்தாரா என்று அப்போது தெரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

தாய் வீட்டில் பாட்டிலை எப்படி வைப்பது என்ற சிக்கல் மட்டும் பாக்கி இருந்தது. லேபிள் இல்லாத ஒரு டப்பாவில் மாத்திரையை மாற்றி எடுத்துக்கொண்டு மறுபடி சுந்தரபாண்டியபுரம் போனேன். அக்காவின் அம்மாவிடமே கொடுத்தேன். "பிள்ளைக்காகப் போடுற மாத்திரை அம்மா. காலையில ஒன்பது மணிக்கு, ஒரு நாளும் விடக் கூடாது. விட்டா பிள்ளைக்கு ஆபத்து" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த அம்மா டப்பாவை வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதன்பிறகு ஒன்பது அடித்தால் ஒரு கையில் டப்பாவும் ஒரு கையில் தண்ணீருமாக மகள் முன்னால் நின்று, விழுங்கினாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாராம். "பள்ளிக்கூடத்துப் பிள்ளய மாரி வாயத் தெறக்கச் சொல்லுதா" என்று அக்கா போனில் சிரிப்பார். கூச்சமில்லாமல் சொல்கிறேன், எந்த ஆலோசகரும் அந்த அம்மா அளவுக்கு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

பிரசவத்துக்கு முன்னால் எடுத்த பரிசோதனையில் கிருமி நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் 'கண்டறியப்படவில்லை' என்று அச்சிட்டு வரும் அளவுக்கு இல்லை. அந்தக் கொஞ்சம் என்னைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. பெண் பிள்ளை பிறந்தது. வாரக்கணக்கில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஆறாவது வாரம் குதிகாலில் குத்தி, ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக அட்டையில் வைத்துக் காயவைத்து வெளியூருக்கு அனுப்பினோம். பிள்ளை வீறிட்டு அழுதது, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தொற்று இல்லை என்று வந்தது. ஆனால் பால் குடிக்கும் பிள்ளைக்கு அதுவே முடிவு அல்ல; ஒன்றரை வயதில் எடுக்கும் பரிசோதனைதான் கடைசி. அதுவரை மாதாமாதம் அக்கா இடுப்பில் பிள்ளையோடு வந்தார். பிள்ளை முதலில் மடியில், பிறகு தவழ்ந்து, பிறகு என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று, மேலே இருக்கும் பேனாவையெல்லாம் தட்டிவிட்டு. அந்தப் பிள்ளைக்கென்று அலமாரியில் ஒரு தனிக் கோப்பு இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம், என் ஒரு வாக்கியத்தால் கனத்துப்போன கோப்பு இது என்று நினைப்பேன். மற்றவர்களிடம் பேசும்போது தூங்குகிறது என்ற சொல் நுனிநாக்குவரை வந்து திரும்பிப் போகும். அதற்குப் பதிலாக ஐந்தருவிக் கடைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு அதை இரண்டாம் தடவை விளக்க வேண்டியிருந்ததில்லை.

அந்தச் சுவிட்சையே நிரந்தரமாகப் பூட்டிவிட முடியுமா என்று உலகத்தில் பலர் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். டாட் திரும்பி வருவதைத் தடுத்தால் அந்த வேலை தொடக்கத்திலேயே நின்றுவிடும் அல்லவா? வேறு சிலர் எல்லாக் கடையையும் ஒரே நாளில் திறக்கவைத்து, எது எது என்று கண்டுபிடித்து ஒழித்துவிடப் பார்க்கிறார்கள். இரண்டும் இன்னும் கைகூடவில்லை. அக்காவிடம் சொன்னபோது, "பூட்டி, சாவிய அருவியில எறிஞ்சிரச் சொல்லு" என்றார். என் ஆயுசுக்குள் அது நடக்கும் என்று நான் நம்புகிறேன், அவர் ஆயுசுக்குள்ளும்தான்.

பதினெட்டாம் மாத முடிவு வந்த நாளில் டாக்டரம்மா தாளை என்னிடம் நீட்டி, "நீயே சொல்லு" என்றார். நான் சொன்னேன். இந்தத் தடவை ஒரு சொல்கூடக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பிள்ளைக்குத் தொற்று இல்லை. அக்கா அழுவார் என்று நினைத்தேன், அழுதது நான்தான். அவர் நிதானமாக, "இனி இவ இங்கன வரவேண்டாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "ஒருநாளும்?" ஒருநாளும் வேண்டாம் என்றேன். அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து, கடைசி வரியை எழுதி, கட்டி, தனியே வைத்தேன்.

இப்போது அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. அக்கா தேதி பிசகாமல் வருகிறார், மாத்திரை வாங்குகிறார், வரிசையில் நிற்கும் புதியவர்களை வம்புக்கு இழுக்கிறார். அறிக்கை ஒவ்வொரு தடவையும் 'கண்டறியப்படவில்லை' என்றே வருகிறது. போன மாதம் எனக்கு ஆசை தாங்கவில்லை. "பிள்ளைய ஒரு நாளாவது கூட்டிட்டு வாங்களேன் அக்கா, பாத்து எவ்வளவு நாளாச்சு" என்றேன். பாட்டிலுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்து என்னை ஒரு முறை முறைத்தார்.

"பாக்கணும்னா கடைக்கு வா, ஏட்டி. அவளுக்கு இங்கன என்ன சோலி?"